தாயில்லா இல்லத்தில் தந்தையும் மகள்மாரும்



முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் புறப்பட்டுப் போன பின்னர்தான், மனைவியை இழந்த ஒருவருக்கு வீட்டின் வெறுமை முழுமையாகப் புலப்படுகின்றது. பிள்ளைகள் பெண்பிள்ளைகளாயின் அவருடைய கலக்கம் இரட்டிப்பாகும். தலை பின்னிவிடுவதற்கும், காய்ச்சலென்றால் இரவில் விழித்திருப்பதற்கும், மகள் பெரியபிள்ளையாகும் நாளில் அவளருகே நிற்பதற்கும் இனி யார்? போரினாலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினாலும், நோயினாலும் எமது குடும்பங்கள் பல இக்கேள்வியைச் சந்தித்துள்ளன.

நாம் 'சிறுமலர்' என்றழைத்து மன்றாடும் புனித குழந்தை இயேசுவின் தெரேசா இத்தகைய ஒரு வீட்டில் வளர்ந்தவர். சிலுவையும் ரோசாமலர்களும் ஏந்திய சுரூபத்தைப் பார்க்கும்போது அது எமக்கு நினைவுக்கு வருவதில்லை. பிரான்சின் அலன்சோன் நகரில் மணிக்கூட்டுத் தொழில் செய்த லூயி மார்ட்டினும், ரேந்தை பின்னும் தொழில் நடத்திய செலியும் அவருடைய பெற்றோர். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் இவ்விருவரையும் ஒன்றாகவே புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர்களுடைய ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே மரிக்க, ஐந்து பெண்பிள்ளைகள் எஞ்சினர். மார்புப் புற்றுநோய் கண்ட செலி, 1877 யூனில் மூத்த மகள்மார் மூவருடன் லூர்து அன்னையின் திருத்தலம் சென்று மன்றாடினார். குணம் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் 28ஆம் நாள், தமது 45ஆவது வயதில் இறைபதமடைந்தார். மூத்த மகள் மரிக்கு வயது 17. கடைக்குட்டி தெரேசாவுக்கு நாலரை.

தாய்க்கு இறுதி முத்தம் கொடுக்கும்படி தந்தை தம்மைத் தூக்கியதையும், நடைவழியில் இருந்த சவப்பெட்டி மூடியைத் தாம் தனியே நெடுநேரம் பார்த்து நின்றதையும் தெரேசா பிற்காலத்தில் எழுதியுள்ளார். அன்று அவரைக் கவனிக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. எமது மரணவீடுகளிலும் இதுவே நடக்கின்றது. "சின்னப்பிள்ளைதானே, அதுக்கு என்ன விளங்கும்" என்று பிள்ளையை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றோம். பிள்ளைக்கு விளங்குகின்றது. துடுக்கும் மகிழ்ச்சியுமாயிருந்த அச்சிறுமி, அதன் பின் தொட்டதற்கெல்லாம் அழும், அந்நியரைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளையானார். அந்நிலை தீர ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1886ஆம் ஆண்டு நத்தார் திருப்பலி முடிந்து களைத்து வந்த தந்தை, காலணிக்குள் பரிசு வைக்கும் வழக்கம் இவ்வாண்டோடு முடியட்டும் என்ற பொருளில் சலித்துக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அன்றுதான் அவர் கண்ணீரை அடக்கி, சிரித்த முகத்தோடு தந்தையின் முன் வந்து பரிசுகளைப் பிரித்தார். தாயை இழந்து ஓராண்டாகியும் மகள் படிப்பில் மனம் வைக்கிறாளில்லை, காரணமின்றி அழுகிறாள் என முறையிடும் தந்தையரே, பொறுத்திருங்கள்.

லூயி செய்த முதற் காரியம் கவனத்திற்குரியது. 54 வயதில், தம் நண்பர்களும் மனைவியின் கல்லறையும் இருந்த ஊரை விட்டு, அதே ஆண்டு நவம்பரில் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். செலியின் சகோதரர் குடும்பம் அங்கு வாழ்ந்தது. பிள்ளைகளுக்கு ஒரு மாமியின் துணை தேவை என அவர் கண்டார். மனைவி இறந்ததும் காணிக்கும் நகைக்கும் சண்டையிட்டு, பிள்ளைகளை அம்மம்மாவின் வாசற்படி மிதிக்கவிடாத தந்தையரும் எம்மிடையே உளரன்றோ? அதேவேளை, பிள்ளைகளை உறவினரிடம் விட்டுத் தாம் ஒதுங்கவுமில்லை. பிற்பகல்தோறும் கடைக்குட்டியின் கைபிடித்து உலாவச் சென்றார். வழியில் ஏதேனும் ஓர் ஆலயத்தில் இருவரும் நற்கருணை நாதரைச் சந்தித்தனர். மாலையில் மடியில் இருத்திப் பாடினார். தந்தையின் அன்போடு தாயின் அன்பும் அவரிடம் சேர்ந்துகொண்டது என்பது தெரேசாவின் சாட்சியம்.

லூயி மறுமணம் செய்யவில்லை. ஆயினும் மறுமணத்தைத் திருச்சபை தடுப்பதில்லை. கைக்குழந்தையோடு தவிக்கும் ஒருவரிடம் லூயியைக் காட்டிக் குற்றஞ்சாட்டுதல் தகாது. லூயியிடம் சேமிப்பும் வேலையாளும் இருந்தன. எமது கடற்றொழிலாளி ஒருவரிடம் அவை இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அடக்கத்தன்று சிறுமி செலீன், மூத்தவளான மரியைக் கட்டிக்கொண்டு தாயாக ஏற்றாள். தெரேசா இரண்டாமவளான பவுலினைத் தெரிந்துகொண்டார். மனதை உருக்கும் காட்சிதான். ஆனால் 16 வயதைக்கூட எட்டாத பவுலினுக்கு அது எத்தகைய சுமை! அவர் 1882இல் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது, தெரேசா மீண்டும் ஒரு தாயை இழந்தவரானார். சில மாதங்களில் கடும் நோயுற்றார். எமது வீடுகளிலும் மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சையை விட்டுவிட்டு அடுப்படிக்குள் போகிறாள். ஊரார் அவளைப் புகழ்கின்றனர். அவளுந்தான் தாயை இழந்தவள் என்பது அந்தப் புகழ்ச்சியில் மறைந்துபோகின்றது. அவளைப் பாடசாலைக்குத் திருப்பியனுப்புங்கள். ஒருவேளைச் சோற்றை நீங்களே வடிக்கலாம்.

பின்னாளில் பராமரிப்புத் திசை மாறியது. லூயியின் நினைவு தடுமாறத் தொடங்கியது. 1889 பெப்ரவரியில் கான் நகர மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்தார். மகள்மார் மடம் புகுந்ததே இதற்குக் காரணமென ஊரில் பேசப்பட்டது. அப்பேச்சு மடத்துக்குள்ளிருந்த தெரேசாவின் செவியையும் எட்டியது. 1892 மே மாதம் கால்கள் செயலிழந்த நிலையில் திரும்பிய தந்தையைச் செலீன் பராமரித்தார். தாமும் கார்மேல் மடம் புகவேண்டும் என்ற ஆவல் அவருக்கு நெடுநாளாகவே இருந்தது. 1894 யூலை 29ஆம் நாள் லூயி உயிர்நீத்தபோது செலீன் அருகிலிருந்தார். செப்டெம்பர் 14ஆம் நாள்தான் அவர் மடத்தின் வாசலைக் கடந்தார்.