ஆறு தொனிகளில் ஒரு சொல்: தில்லியில் ஒரு வியத்நாமிய வகுப்பறை

புது தில்லி: மாலை ஐந்து மணி. தலைநகரின் ஒரு பல்கலைக்கழகத்தில், மொழித்துறைக் கட்டடத்தின் பெரும்பாலான அறைகள் பூட்டப்பட்டுவிட்டன. தாழ்வாரத்தின் கோடியில் உள்ள சிறிய அறையிலிருந்து மட்டும் "மா... மா... மா..." என்ற குரல்கள் ஏறியும் இறங்கியும் ஒலிக்கின்றன. இசை வகுப்போ என்று ஐயுற்று எட்டிப் பார்த்தால், கரும்பலகையில் ரோமன் எழுத்தில் ஒரே சொல் ஆறு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொன்றின் மேலோ கீழோ ஒரு குறி. வியத்நாமிய மொழியின் தொடக்கநிலைச் சான்றிதழ் வகுப்பு அது. மாணவர்கள் பதினொரு பேர்.

சம தொனியில் சொன்னால் அச்சொல்லுக்குப் பேய் என்று பொருள். தொனி உயர்ந்தால் கன்னம்; தென் வியத்நாமில் அதுவே அம்மா. தாழ்ந்தால் "ஆனால்" என்னும் இணைப்புச் சொல். இறங்கி வளைந்தால் கல்லறை. தொண்டையில் சற்றே உடைந்து உயர்ந்தால் குதிரை. எழுத்தின் கீழே புள்ளி வைத்து அழுத்தி நிறுத்தினால் நெல் நாற்று. "நாற்று நடுகிறோம்" என்று சொல்ல முயன்ற மாணவர் ஒருவர் பேயை நடுவதாகக் கூறிவிட, வகுப்பே சிரிப்பில் ஆழ்கிறது. ஹனோயில் பயின்று திரும்பிய இந்தியரான ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. மீண்டும் சொல்லுமாறு கையசைக்கிறார்.

வினைச்சொல்லுக்குத் திணை, பால், எண், இட விகுதி எதுவும் இம்மொழியில் கிடையாது. காலத்தைக் காட்டக்கூட வினை உருமாறுவதில்லை; தேவைப்பட்டால் முன்னே ஒரு சிறு சொல் வந்து நிற்கும். இலக்கணத்தில் கிடைக்கும் இந்தச் சலுகையைத் தொனிகள் வட்டியும் முதலுமாக வசூலித்துவிடுகின்றன.

உறவே இடப்பெயர்

முதல் மாதத்தில் மாணவர்களைத் திகைக்க வைத்த மற்றொன்று, "நான்", "நீ" என்பவற்றுக்கு எல்லா இடத்திலும் பொருந்தும் சொல் இல்லாமை. எதிரே இருப்பவர் அண்ணனா, அக்காவா, தம்பி தங்கை வயதினரா, சித்தப்பா வயதினரா என்பதை முடிவு செய்த பிறகே வாக்கியம் தொடங்கும். தன்னையும் அதே உறவுமுறையில்தான் குறிப்பிட வேண்டும். எனவே, முன்பின் அறியாதவரிடம் வயதைக் கேட்பது அங்கே அநாகரிகம் அன்று. தந்தையின் தம்பிக்கு ஒரு சொல், தாயின் தம்பிக்கு வேறு சொல். ஆங்கிலத்தின் "அங்கிள்" தடுமாறும் இந்த இடத்தில், சாச்சா, மாமா என்று பிரித்தறிந்த இந்தி மாணவர்களுக்குச் சிரமம் இல்லை.

ஆனால், பன்மையில் அவர்களும் தடுமாறுகிறார்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல "சுங் தா". கேட்பவரை விலக்கிச் சொல்ல "சுங் தோய்". இந்தியின் "ஹம்" இரண்டுக்கும் பொதுவானது. ஆசிரியை பலவாறு விளக்கியும் பலருக்குப் பிடிபடவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த இச்செய்தியாளருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நாம், நாங்கள் என்று இரண்டு வயதுக் குழந்தையும் வேறுபடுத்திப் பேசும் மொழியல்லவா நம்முடையது!

இது இலக்கண நுட்பம் மட்டும் அன்று. ஒரு பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த்தரப்பினர் "நாம் செய்வோம்" என்றனரா, "நாங்கள் செய்வோம்" என்றனரா என்பதில் ஓர் உடன்பாட்டின் சுமை யார் தலையில் விழும் என்பதே அடங்கியிருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்த வேறுபாடு காதில் விழப்போவதில்லை.

எழுத்தின் அரசியல்

வியத்நாமிய மொழியை இன்று ரோமன் எழுத்தில் எழுதுவதற்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. பல நூற்றாண்டுகள் சீன எழுத்தே அரசு மொழியின் எழுத்தாக இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் உள்ளூர் மொழியை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினர். அலெக்சாந்தர் த ரோட் தொகுத்த அகராதி 1651-ல் ரோம் நகரில் அச்சாயிற்று. பிரெஞ்சு ஆட்சி அந்த எழுத்தைத் தன் வசதிக்காக ஊக்குவித்தது. சீன எழுத்தில் நடந்துவந்த அரண்மனைத் தேர்வு 1919-ல் முடிவுக்கு வந்தது.

அந்நியர் தந்த எழுத்தைத் தேசியவாதிகள் புறக்கணிக்கவில்லை, கைப்பற்றினர். 1945 செப்டம்பரில் விடுதலையை அறிவித்த சில நாள்களிலேயே எழுத்தறிவு இயக்கத்துக்கான ஆணைகளை ஹோ சி மின் அரசு பிறப்பித்தது. எளிதில் கற்கக்கூடிய அதே ரோமன் எழுத்தே அந்த இயக்கத்தின் கருவியாயிற்று.

நட்பு உண்டு, மொழி இல்லை

1954 அக்டோபரில் ஹனோய் விடுதலை பெற்ற சில நாள்களிலேயே பிரதமர் ஜவாஹர்லால் நேரு அங்கு சென்றார். ஜெனீவா உடன்பாட்டின்படி அமைந்த சர்வதேசக் கண்காணிப்பு ஆணையத்துக்கு இந்தியாவே தலைமை வகித்தது. 1958-ல் ஹோ சி மின் இந்தியா வந்தார். 1960-களில் "உன் பெயர் வியத்நாம், என் பெயர் வியத்நாம்" என்ற முழக்கம் கொல்கத்தா வீதிகளை அதிர வைத்தது. அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த தெருவுக்கே ஹோ சி மின் பெயரைச் சூட்டிய நகரம் அது. 1972-ல் முழு அளவிலான தூதரக உறவு ஏற்பட்டது.

இன்று உறவின் தளம் மாறியிருக்கிறது. 2016-ல் அது முழுமையான உத்திசார் கூட்டுறவாக உயர்த்தப்பட்டது. அப்போது பாதுகாப்புத் துறைக்கென 50 கோடி டாலர் கடனுதவியும் அறிவிக்கப்பட்டது. 2023-ல் "கிர்பான்" போர்க்கப்பலை இந்தியா வியத்நாமுக்கு வழங்கியது. இரு நாட்டு வர்த்தகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடி டாலர். வியத்நாமின் மீ சோன் கோயில் தொகுதியில் இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்புப் பணி மேற்கொண்டபோது, 2020-ல் ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே மொழி எங்கே? 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொரியன், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம், ரஷியன் ஆகியவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. வியத்நாமியம் அப்பட்டியலில் இல்லை. "கிழக்கு நோக்கிச் செயல்படுவோம்" என்று 2014 முதல் முழங்கிவரும் ஓர் அரசின் ஆவணம் அது என்பது கவனிக்கத்தக்கது.

பாடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் கேட்டால் ஒருவர் சுற்றுலாத் துறை என்கிறார், ஒருவர் ஏற்றுமதி நிறுவனம் என்கிறார், ஒருவருக்கு ஆய்வு. அடுத்த ஆண்டு மாணவர் எண்ணிக்கை குறைந்தால் வகுப்பு நடக்குமா என்ற கவலை ஆசிரியைக்கு இருக்கிறது. தொடக்கநிலை முடித்தவர்கள் மேலே படிக்க விரும்பினால் ஹனோய்க்குத்தான் போக வேண்டியிருக்கும் என்கிறார் அவர்.

வீட்டிலேயே ஓர் உறவு

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் எண்கள். மோத், ஹாய், பா, போன் என்று ஒன்று முதல் நான்கு வரை ஆசிரியை சொல்ல, மாணவர்கள் திருப்பிச் சொல்கின்றனர். இரண்டாம் வரிசையில் இருந்த ஜார்க்கண்ட் மாணவி திடீரென்று நிமிர்ந்து உட்கார்கிறார். அவருடைய தாய்மொழி சந்தாலி. அதில் எண்கள் மித், பார், பே, போன்.

இது தற்செயல் ஒற்றுமை அன்று. வியத்நாமியம், கெமர், மோன், நம் நாட்டின் சந்தாலி, முண்டாரி, காசி ஆகியவை ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பம் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று மொழியியல் வகுக்கிறது. காலப்போக்கில் வியத்நாமியம் சீனத்திலிருந்து ஏராளமான சொற்களை ஏற்றுத் தோற்றம் மாறியபோதும் அடிப்படை எண்கள் பழைய உறவைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

சந்தாலி 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. ஆனால், மாநிலங்களவையில் அம்மொழி முதன்முதலாக ஒலிக்க 2019 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒடிசா உறுப்பினர் சரோஜினி ஹேம்பிரம் அன்று அதில் பேசினார். காசி மொழியையும் அட்டவணையில் சேர்க்குமாறு மேகாலயச் சட்டப்பேரவை 2018-ல் தீர்மானம் நிறைவேற்றியது. எல்லைக்கு அப்பால் உள்ள நாட்டுடன் பண்பாட்டுப் பாலம் அமைப்பதாகப் பேசும்போது சம்ஸ்கிருதக் கல்வெட்டுகளையும் பெளத்தத்தையும் நம் தலைவர்கள் தவறாமல் நினைவுகூர்கின்றனர். அந்நாட்டு மொழியின் உறவினர்களாகிய நம் பழங்குடி மொழிகள் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

வகுப்பு முடிந்தது. ஆசிரியை கரும்பலகையை அழிக்கும்வரை அந்த மாணவி இடத்தைவிட்டு எழவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வியத்நாமிய எண்கள், மறுபக்கம் சந்தாலி எண்கள். கோடு போட்டு ஒவ்வொன்றாக இணைத்துக் கொண்டிருந்தார். நான்கு வரை இணைந்துவிட்டன. ஐந்தாம் எண் ஒத்துவரவில்லை. ஏன் என்று ஆசிரியையிடம் கேட்டார். அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றார் அவர். அந்த அடுத்த வகுப்புகள் தொடர்ந்து நடப்பது ஆட்சியாளர்களின் கையில் இருக்கிறது.