ஏறியது சரியான டேட்டாதானா? உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு 'டேட்டா லோடிங்' சர்வீஸ்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் பாட்டு, படம், கேம்ஸ். அடுத்த மாதம் யாராவது ஒருவர் பட்டியலோடு வந்து நிற்பார். "இதைக் கொஞ்சம் எக்ஸெல்லில் போட்டுக் கொடுப்பா!" ஆறு மாதத்தில் டெஸ்க்டாப் முழுக்க எக்ஸெல் ஃபைல்களாகிவிடும். எது புதியது, எது பழையது என்று உங்களுக்கே தெரியாது.

இந்த இடத்தில்தான் டேட்டாபேஸ் தேவைப்படுகிறது. பட்டியல்களை மொத்தமாக டேட்டாபேஸுக்குள் ஏற்றுவதற்கு 'டேட்டா லோடிங்' என்று பெயர். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் இதற்கென்றே தனி சாஃப்ட்வேர்கள் உண்டு. ஆரக்கிளில் எஸ்க்யூஎல் லோடர், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் பிசிபி, போஸ்ட்கிரெஸ்ஸில் காப்பி கட்டளை. நாம் இலவசமாகக் கிடைக்கும் மைஎஸ்க்யூஎல் சர்வரை எடுத்துக்கொள்வோம். 1995-ல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்றிலிருந்து வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸின் மகள் பெயர் 'மை'. சாஃப்ட்வேருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 2010 முதல் ஆரக்கிள் வசம் இருக்கிறது.

சர்வர் என்றதும் ஏ.சி. அறையில் இருக்கும் ராட்சத இயந்திரத்தை நினைக்க வேண்டாம். கேட்பவருக்குக் கொடுக்கும் புரோகிராம் எதில் ஓடுகிறதோ அதுதான் சர்வர். உங்கள் மேஜை மேல் இருப்பதும் சர்வராகலாம்.

நான் செய்த தவறு

இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஒரு கதை. என் அப்பா எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தின் பொருளாளர். உறுப்பினர்களுக்கு டெபாசிட் பணத்தை வங்கி மூலம் திருப்பித் தர வேண்டியிருந்தது. 212 பேரின் பெயர், வீட்டு எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் எக்ஸெல்லில் அடித்து வைத்திருந்தார். "நான் டேட்டாபேஸில் ஏற்றித் தருகிறேன்" என்று மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு இதே வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிறவனாயிற்றே!

எக்ஸெல் ஃபைலை சிஎஸ்வி ஆக சேவ் செய்தேன். ஏற்றினேன். '212 ரெக்கார்டுகள், 0 எச்சரிக்கைகள்' என்றது சர்வர். ஃபைல் ஒழுங்காக ஏறிவிட்டதே என்று பழைய எக்ஸெல் ஃபைலையும் அழித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா கேட்டார். "என்னடா, பாதிப் பேருக்கு அக்கவுன்ட் நம்பர் ஆறு பூஜ்யத்தில் முடியுது?"

நடந்தது இதுதான். எக்ஸெல்லின் சாதாரண செல்லில் 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணை அடித்தால், அதை அறிவியல் முறையில் சுருக்கிக் காட்டும். 1.23457 என்று வந்து, பின்னால் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் +11 என்பதும் இருக்கும். 15 இலக்கம் வரை செல்லுக்குள் முழு எண் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிஎஸ்வி ஆக சேவ் செய்யும்போது திரையில் தெரிவதுதான் ஃபைலுக்குள் போகும். என் டேபிளில் அந்தக் காலம் எண் வகையாக இருந்ததால், மைஎஸ்க்யூஎல் அதை 123457000000 என்று புரிந்துகொண்டு சமர்த்தாகச் சேமித்துக்கொண்டது. பார்த்தால் அசல் கணக்கு எண் மாதிரியே இருக்கும்! எர்ரர் வந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன்.

பணம் அனுப்பும் முன் அப்பா பார்த்ததால் பிழைத்தோம். ஆனால் அவர் அந்த வாரம் முழுக்க நோட்டும் பேனாவுமாக மாடி மாடியாக ஏறி எண்களை மறுபடி வாங்கினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது இன்ஸ்டால் செய்வோம்

மைஎஸ்க்யூஎல் இணையதளத்தின் டவுன்லோடு பகுதியில் 'கம்யூனிட்டி சர்வர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட கால ஆதரவு உள்ள 8.4 பதிப்பு நமக்குப் போதும். அக்கவுன்ட் தொடங்கச் சொல்லும் பக்கம் வந்தால் பயப்படாதீர்கள். கீழே 'நோ தேங்க்ஸ்' என்று தொடங்கும் சிறிய லிங்க் இருக்கும், அதை கிளிக் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று இன்ஸ்டாலர் முரண்டு பிடித்தால், அதை முதலில் நிறுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இன்ஸ்டால் முடிந்ததும் கான்ஃபிகரேட்டர் திறக்கும். கம்ப்யூட்டர் வகை கேட்டால் 'டெவலப்மென்ட் கம்ப்யூட்டர்' என்று கொடுங்கள்; மெமரியை அதிகம் விழுங்காது. போர்ட் எண் 3306 என்று இருக்கும், அப்படியே விடுங்கள். அதன் அருகே ஃபயர்வாலைத் திறக்கும் டிக் பாக்ஸ் ஒன்று உண்டு. வேறு கம்ப்யூட்டரிலிருந்து இந்த டேட்டாபேஸுக்கு வரப் போவதில்லை என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். ரூட் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். மானிட்டரில் ஒட்டாதீர்கள்!

அடுத்து 'விண்டோஸ் சர்வீஸ்' பக்கம். சர்வீஸ் என்பது நீங்கள் திறக்காமலேயே பின்னணியில் ஓடும் புரோகிராம். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓட வேண்டும் என்ற டிக் இருக்கட்டும். இந்த சர்வீஸ் உங்கள் பெயரில் ஓடாது, விண்டோஸின் 'நெட்வொர்க் சர்வீஸ்' என்ற கணக்கில் ஓடும். அதனால் உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைலை அது தானாக எட்டிப் பார்க்க முடியாது.

வேலியைப் பிடுங்காதீர்கள்

சிஎஸ்வி ஃபைலை மொத்தமாக ஏற்றும் கட்டளையின் பெயர் 'லோட் டேட்டா இன்ஃபைல்'. ஒவ்வொரு வரியாகச் சேர்ப்பதைவிட இது பொதுவாக 20 மடங்கு வேகம் என்கிறது மைஎஸ்க்யூஎல் கையேடு. முதல் தடவை கொடுத்ததும் அநேகமாக 1290 என்ற எர்ரர் வரும். குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரிலிருந்து மட்டுமே ஏற்றுவேன் என்கிறது சர்வர். அந்த ஃபோல்டர் சி டிரைவில், மறைந்திருக்கும் 'புரோகிராம் டேட்டா'வுக்குள் மைஎஸ்க்யூஎல் சர்வர் 8.4, அதற்குள் 'அப்லோட்ஸ்'. சிஎஸ்வியை அங்கே காப்பி செய்தால் பிரச்சினை தீர்ந்தது.

இந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஃபைல் ஏற்ற அனுமதி பெற்ற யூசர், சர்வருக்கு எட்டும் எந்த ஃபைலையும் படித்துவிட முடியும். அதைத் தடுக்கும் வேலி இது. பாதுகாப்புக் காரணத்துக்காகத்தான் 2018-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து 'லோக்கல்' என்ற சொல்லைச் சேர்த்து ஏற்றும் முறையும் முதலிலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. லோக்கல் முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தவறான மதிப்புகள் எர்ரராக நிற்காமல் வெறும் எச்சரிக்கைகளாகிவிடும், ஏற்றம் தொடரும். யார் உட்கார்ந்து எச்சரிக்கைகளைப் படிப்பது?

ரூட் கணக்கிலிருந்து ஏற்றாதீர்கள். ஏற்றுவதற்கென்று தனி யூசர் உருவாக்கி, ஃபைல் படிக்கவும் ஒரே ஒரு டேபிளில் சேர்க்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள்.

முதலில் திண்ணை, பிறகு வீடு

அந்த ஒரு டேபிள் எது? அலுவலகங்களில் 'ஸ்டேஜிங் டேபிள்' என்பார்கள். நான் திண்ணை என்பேன். வருகிறவர் யார் என்று தெரியும்வரை திண்ணையில் உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம்தானே! திண்ணை டேபிளில் எல்லாக் காலங்களையும் எழுத்து வகையாகவே வையுங்கள். அப்போது 'இ +11' வந்தால் அப்படியே அசிங்கமாகத் தெரியும், எண்ணாக வேடம் போடாது. உண்மையான டேபிளிலும் கணக்கு எண், தொலைபேசி எண் போன்றவை எழுத்து வகையாகவே இருக்கட்டும். கூட்டிக் கழிக்காத எண்ணுக்கு எண் வகை எதற்கு? சென்னையின் 044-ல் முதல் பூஜ்யம் காணாமல் போவதும் இதனால்தான்.

எக்ஸெல் பக்கத்திலும் வேலை இருக்கிறது. அடிப்பதற்கு முன்பே அந்தக் காலத்தை 'டெக்ஸ்ட்' வகையாக மாற்றுங்கள். எக்ஸெல் எண்களில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், 16-வது இலக்கம் பூஜ்யமாகிவிடும். சில வங்கிகளின் கணக்கு எண்கள் 16 இலக்கம் உள்ளவை! தேதிகளை வருடம்-மாதம்-நாள் என்று தெரியும்படி ஃபார்மேட் செய்யுங்கள். தெரிவதுதான் ஃபைலுக்குப் போகும் என்ற அதே குணம் இங்கே நமக்கு உதவும்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால் சேவ் செய்யும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் சேவ் செய்தால் முருகனும் மீனாட்சியும் கேள்விக்குறிகளாகிவிடுவார்கள், திரும்ப வரமாட்டார்கள். இந்த வகை ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் இருக்கும். தலைப்பு வரியை வைத்து, ஏற்றும்போது முதல் வரியை விட்டுவிடச் சொன்னால் அவையும் அதோடு போய்விடும். வரி முடிவு விண்டோஸ் முறையில் இருப்பதையும் கட்டளையில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கடைசிக் காலத்தில் ஒவ்வொரு மதிப்பின் பின்னாலும் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டிக்கொள்ளும். தேடும்போது 'இல்லை' என்று வரும். நான் இதற்காக ஒரு முழு இரவைச் செலவழித்திருக்கிறேன்.

ஏற்றியதும் வரி எண்ணிக்கையை எண்ணுங்கள். அதோடு எழுந்து போய்விடாதீர்கள். கணக்கு எண்களின் நீளத்தை வகைப்படுத்திப் பாருங்கள். 11 எழுத்தில் எத்தனை, 16-ல் எத்தனை என்று. ஆறு பூஜ்யத்தில் முடிபவை இருக்கின்றனவா? கேள்விக்குறி உள்ள பெயர்கள்? பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரிகளைத் தேர்ந்தெடுத்து, மூலத் தாளோடு ஒப்பிடுங்கள். சரியென்றால் 'ஸ்டார்ட் டிரான்சாக்ஷன்' கொடுத்து ரூட் கணக்கிலிருந்து வீட்டுக்குள் மாற்றுங்கள். பிடிக்காவிட்டால் 'ரோல்பேக்', பிடித்தால் 'கமிட்'.

இதெல்லாம் நான்கைந்து முறை கையால் செய்து பழகிய பிறகு, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு நேரத்துக்கு ஒப்படைக்கலாம். மைஎஸ்க்யூஎல்லோடு வரும் 'மைஎஸ்க்யூஎல் இம்போர்ட்' புரோகிராம் இதற்கு வசதி. ஃபைலின் பெயர் என்னவோ அந்தப் பெயருள்ள டேபிளில் ஏற்றும். எனவே சிஎஸ்விக்குத் திண்ணை டேபிளின் பெயரையே வையுங்கள். திண்ணைவரை மட்டும் தானாக நடக்கட்டும். வீட்டுக்குள் விடுவதை நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

மூல எக்ஸெல் ஃபைலை நான் இப்போது அழிப்பதில்லை. அப்பாவும் நோட்டை விடவில்லை. மாதம் ஒரு முறை நான் ஏற்றி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார். எந்த ஐந்து வரி என்று அவர்தான் சொல்வார்.