'கேஜிஎஃப் 2': திரும்பி வந்தவர்களின் கூட்டமும் பெயரில்லாத தொழிலாளர்களும்

கோலார் தங்கவயல்: பிரசாந்த் நீல் இயக்கி, யஷ் நடித்த 'கேஜிஎஃப்' திரைப்படத்தின் முதல் பாகம் 2018 டிசம்பர் 21 அன்று வெளியானது. இரண்டாம் பாகம் திரைக்கு வந்தது 2022 ஏப்ரல் 14 அன்று. இடைப்பட்ட மூன்றே கால் ஆண்டுகளில் ரசிகர் நினைவில் ராக்கி நின்றிருப்பார். ஆண்ட்ரூஸ், ராஜேந்திர தேசாய், கமல், ஷெட்டி, இனாயத் கலீல், குரு பாண்டியன், வானரம் ஆகிய அனைவரும் நின்றிருப்பார்களா?

முதல் பாகத்தின் இறுதியில் கருடனை ராக்கி கொன்றதும் கதை முடியவில்லை; நராச்சி சுரங்கத்தின் மீது கண் வைத்த அத்தனை பேரும் மிச்சமிருந்தனர். ஆகவே இரண்டாம் பாகத்தில் அவர்கள் அனைவரும் திரும்புவது கதையின் தேவை. அவர்களுடன் சஞ்சய் தத்தின் அதீரா, பிரதமர் ரமிகா சென்னாக ரவீனா டாண்டன், சிபிஐ அதிகாரியாக ராவ் ரமேஷ் ஆகியோரும் சேர்கின்றனர்.

இந்த நெரிசலைத் தாங்கும் தூண் கதைசொல்லிதான். முதல் பாகத்தில் கதை சொன்ன ஆனந்த் இங்களகி (அனந்த் நாக்) நோயுற்றுவிட, அவருடைய மகன் விஜயேந்திரா (பிரகாஷ் ராஜ்) விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். யார் யாருக்கு எதிரி என்பதை அவரது குரலே நினைவூட்டிச் செல்கிறது. ஒருவர் திரும்பி வருவதும், சில காட்சிகளில் மடிவதும் அந்த வேகத்தில் நிகழ்கின்றன. வணிக ரீதியில் இந்த உத்தி பலித்தது: உலக அளவில் படத்தின் வசூல் ரூ.1,000 கோடியைத் தாண்டியது.

ஆனால் இத்தனை பேர் திரும்பும் கதையில், சுரங்கம் தோண்டுவோருள் ஈஸ்வரி ராவின் பாத்திமா போன்ற மிகச் சிலருக்கே முகம் உண்டு. மற்றவர்கள் ராக்கியை வாழ்த்தும் திரள் மட்டுமே.

நராச்சி கற்பனை ஊர். படத்தில் 1951-இல் கண்டறியப்படும் தங்கம், உண்மையான தங்கவயலில் 1880-களிலேயே ஜான் டெய்லர் நிறுவனத்தால் தோண்டப்பட்டது. 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. அங்கே ஆண்டது நிழல் உலகம் அல்ல. முதலில் ஆங்கிலேய நிறுவனம், பின்னர் அரசு. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறை வெடிப்புக்கும் சிலிகோசிஸ் நோய்க்கும் நடுவே உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழர்கள். குறிப்பாக வட ஆற்காட்டிலிருந்து வந்த தலித் மக்கள். அவர்களை மீட்க வெளியிலிருந்து எவரும் வரவில்லை. 1930-இல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடத்தியவர்கள் அவர்களே.

அந்த மக்களின் முன்னோரை மையமாக்கி பா.ரஞ்சித் இயக்கிய 'தங்கலான்' 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. அதுவும் மாயமும் கனவும் கலந்த கதையே. எனினும் தோண்டுபவனே அதன் நாயகன்.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. முதல் பாகத்திற்கான அரங்குகள் எழுந்த சயனைடு மேடுகள் இன்றும் ஊருக்கு நடுவே நிற்கின்றன. காற்றடிக்கும் பருவத்தில் அவற்றின் தூசு வீடுகளுக்குள் வந்து படிகிறது. சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.