எழுந்து உட்காருவதும் சிகிச்சைதான்

கொரோனா நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் நாங்கள் செய்த பரிசோதனைக்கு ஒரு நாற்காலியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதுமாக இருந்தன. கையை ஊன்றாமல் ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொல்வோம். சும்மா இருக்கையில் ரத்த ஆக்சிஜன் அளவை 96 என்று காட்டிய கருவி அதற்குள் 3, 4 புள்ளி இறங்கிவிட்டால் நுரையீரல் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். "நல்லாத்தானுங்க இருக்கேன்" என்று சட்டை மாட்டிக்கொண்டு நின்றவர்களை மறுபடி கட்டிலுக்கு அனுப்பியிருக்கிறோம். எனக்கும் மனசு கேட்காது. ஆனால் மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்குவதுதான் இந்த நோயின் குணம்.

2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், கோவையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். மூட்டுவலிக்கும் கழுத்துவலிக்கும்தான் எங்களைத் தெரியும். கொரோனா வார்டில் இவர்களுக்கு என்ன வேலை என்று பலரும் கேட்டார்கள்.

முதல் வேலை, குப்புறப் படுக்க வைப்பது. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் இதயமும் மற்ற பாரமும் அந்தப் பகுதியை அழுத்துகின்றன. குப்புறப் படுத்தால் அழுத்தம் விலகி, அங்கேயும் காற்று போகும். நினைவோடு இருப்பவர் தானே புரண்டுகொள்வார். வென்டிலேட்டரில் இருப்பவரைப் புரட்ட நாலைந்து பேர் வேண்டும். தலையையும் மூச்சுக்குழாயையும் பிடிப்பதற்கென்றே ஒருவர் நிற்பார். அவர் எண்ணிச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை வைப்போம். 12 முதல் 16 மணி நேரம் வரை அப்படியே கிடப்பார். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, முகம் மேலே இருக்கும் கைப்பக்கம். அதையும் அவ்வப்போது மாற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் தோள்பட்டை நரம்பு இழுபட்டு, உயிர் பிழைத்தவருக்குக் கை தூக்க வராது.

அடுத்தது தசை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் தொடைத்தசை முதல் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி வற்றும். என்னிடம் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவே முதுகுக்கு என் கையைக் கேட்டார். "மேடம், கிளட்ச்சை மிதிச்ச காலுங்க இது" என்றார். "மிதிப்பீங்கண்ணா, இன்னைக்கு உட்கார்றது மட்டும்தான்" என்றேன். உட்காருவது, நிற்பது, நின்ற இடத்திலேயே கால் மாற்றி ஊன்றுவது, பிறகு ஆக்சிஜன் குழாயோடு கழிவறை வரை. ஒவ்வொரு படியிலும் விரலில் ஆக்சிமீட்டர் இருக்கும்.

மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலர் ஊதிக்கொண்டிருந்தார்கள். அதை ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். சரியாக உறிஞ்சினாலும் எழுந்து நடப்பதற்கு அது ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. மூச்சு வாங்கினால் மேசையில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, மூக்கால் இழுத்து, குவித்த உதட்டால் மெதுவாக விடுங்கள். அதற்குக் கருவியே வேண்டாம்.

நோயாளி வீடு திரும்பிய பிறகு குடும்பத்தார் இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். ஒரு வீட்டில் பாசத்தால் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. இன்னொரு வீட்டில் பழையபடி காலை நடைக்கு விரட்டுகிறார்கள். பேச்சு தடைப்படாத அளவு நடை போதும். சிலருக்குக் கொஞ்சம் வேலை செய்த மறுநாள் உடம்பே அடித்துப்போட்டதுபோல் ஆகிவிடும். அவர்களை நாளுக்கு நாள் கூட்டிச் செய்யச் சொன்னால் மேலும் மோசமாகும். குளிப்பதையும் சமைப்பதையும்கூட இடையிடையே ஓய்வு விட்டுப் பிரித்துச் செய்ய வேண்டும். அது சோம்பேறித்தனம் அல்ல என்று குடும்பத்தாரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வேன். நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. கிளம்பும் முன் பிசியோதெரபிஸ்டைக் கூப்பிடச் சொல்லி, அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.