காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீடு!

பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு, 2019-ல் ஓர் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் வீடு அமைத்தார். படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். செலவு சுமார் 1 லட்சம் ரூபாய்தான்.

அனகாபுத்தூர் வீட்டு வாசலில், காரில் இழுத்துச் செல்லும் கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லரை நாமே செய்ய முடியுமா? முடியும். 1930-களில் அமெரிக்காவில் பிரபலமான வடிவம் இது. உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்றே தரையாகிவிடும்.

மரவேலையைவிட எடைதான் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால், வேகத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்து காரையும் கவிழ்த்துவிடலாம். எனவே தண்ணீர் கேனை அடுப்படியில் அடுக்காமல், சக்கரங்களுக்கு முன்னால் வையுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் வாகனமே. பதிவு செய்யாமல் சாலையில் இறக்கக் கூடாது. பலகை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். காரின் இழுவைத் திறனையும் கையேட்டில் பாருங்கள்.

அதற்கும் முன்பு, மொட்டைமாடியில் சாக்பீஸால் 8-க்கு 4 அடி கட்டம் போட்டு இருவரும் படுத்துப் பாருங்கள். காசு செலவில்லாத முதல் வேலை அதுதான்!