பத்தாம் வகுப்புக்குப் பின் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

திருச்செங்கோடு வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல இயலாது. விசைத்தறிகள் இராப்பகலாக ஓடுகின்றன. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இங்கிருந்து புறப்பட்டு மத்தியப் பிரதேசம், இராஜஸ்தானம் வரை செல்கின்றன. அருகிலுள்ள நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பல. மற்ற இடங்களில், பள்ளி முடித்த வாலிபருக்கு வேலை தேடித் தருவது பெரும்பாடு. நம் வட்டாரத்திலோ வேலையே முந்திக்கொண்டு வந்து பையனை அழைத்துப் போய்விடுகிறது. நமக்குள்ள சங்கடம் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தறிக்காரர் தம் மகனுடன் என்னைக் காண வந்தார். பத்தாம் வகுப்புத் தேறிய கோடையிலேயே அப்பையன் ரிக் வண்டியில் ஏறிவிட்டான். தறிக் கடனுக்காகத் தகப்பனார் முன்பணம் வாங்கியிருந்தார். மூன்றாண்டுகள் குழாய் தூக்கினான். கூலி குறைவன்று. ஆனால் கம்ப்ரசரில் கைவைக்க அவனை ஒருவரும் விடவில்லை. குழாய் தூக்க எத்தனையோ பேர் கிடைப்பார்கள்; வண்டி பழுதானால் சரிசெய்பவனுக்குத்தான் மதிப்பு. "இனிமே என்னை ஐ.டி.ஐ.யில சேர்த்துக்குவாங்களா, ஐயா?" என்று கேட்டான்.

சேர்த்துக்கொள்வார்கள். தமிழக அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு வயது வரம்பில்லை. எட்டாவது தேறியவர் வெல்டர் பிரிவிலும், பத்தாவது தேறியவர் பிட்டர், எலக்ட்ரீசியன் முதலிய பிரிவுகளிலும் சேரலாம். வெல்டருக்கு ஓராண்டு, மற்ற இரண்டுக்கும் இரண்டாண்டுகள். இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு. படிப்பு வராதவன் போகுமிடம் ஐ.டி.ஐ. என்று நம் பெற்றோரில் பலர் இன்னமும் எண்ணுவது தவறு.

பட்டறை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் விதிகள் 2019-இல் திருத்தப்பட்டன. அதன்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே தீரவேண்டும். நான்கு பேர் உள்ள சிறு பட்டறையும் விரும்பினால் சேர்க்கலாம். பழகுநருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும், தேர்வில் தேறினால் சான்றிதழும் உண்டு. பத்தாண்டு பட்டறையில் உழைத்தும் கையில் ஒரு காகிதமில்லாமல் நிற்போரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் நழுவுவது பெரும்பாலும் தேர்வு முடிந்து புதிய இடத்தில் சேரும் வரையுள்ள இடைக்காலத்தில்தான். ரிக் வண்டிக்கு ஆள் சேர்ப்பவரும், பெண்பிள்ளைகளை நூற்பாலை விடுதிக்கு அழைப்பவரும் அப்போதுதான் வீட்டுக்கு வருகிறார்கள். சாதிச் சான்றிதழ் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை என்று விண்ணப்பம் தாமதப்படுவதும் அப்போதே. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் ஏப்ரல் மாதத்திலேயே தலைமையாசிரியரிடம் பட்டியல் வாங்கி, ஒரு குறிப்பேடு திறக்கவேண்டும். பிள்ளையின் பெயர், சேர விரும்பும் இடம், கைவசமுள்ள சான்றுகள், குறைவானவை ஆகியவற்றை எழுதினால் போதும். மதிப்பெண் எழுதவேண்டாம், அதை ஊரறியச் செய்வது நமது வேலையன்று. செப்டம்பரில் அதே ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், சேர்ந்தவர் யார், சேராதவர் யார் என்று பார்க்கவேண்டும். இந்த இரண்டாம் நடையை ஒருவரும் நடப்பதில்லை.

பணமுடை உள்ள வீடு எது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியாததன்று. மே மாதத்தில் அவ்வீட்டுக்கு மகளிர் சுயஉதவிக் குழுவின் மூலம் சிறு கடன் கிடைத்தாலே முன்பணம் வாங்கும் அவசியம் நீங்கிவிடும். அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பில் சேருவோருக்கென 2022-இல் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கப்பட்டன. தொழிற்பயிற்சி நிலையமும் இவற்றுள் அடங்கும் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

மேலே சொன்ன பையன் அவ்வாண்டே பிட்டர் பிரிவில் சேர்ந்தான். முன்பணத்தில் மீதியிருந்ததைத் தகப்பனார் தறிக்கூலியிலிருந்து தவணையாகக் கட்டி முடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின.