பல்கலைக்கழக வாயிலும் தோட்டப்புற மாணவரும்: பேராக் மாநிலத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மலேசியத் தமிழரின் உயர்கல்வி பற்றிய எழுத்துகளில் இரண்டு செய்திகள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. ஒன்று, தமிழ்ப்பள்ளிகளின் தேர்ச்சி நிலை. மற்றொன்று, அரசுப் பல்கலைக்கழகங்களில் நம் மாணவர்க்குக் கிடைக்கும் இடங்கள். ஆறாம் ஆண்டை முடித்துத் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளை, பல்கலைக்கழக வாயிலை அடையும்வரை இடையில் கழியும் ஆண்டுகளில் யாருடைய கையைப் பற்றிக்கொண்டு நடக்கிறது என்னும் வினா அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பெற்றோர் மேற்படிப்பு அறியாத குடும்பங்களில் அந்தக் கை பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவருடையதாகவே இருந்து வந்துள்ளது. மாணவர் உழைப்பில் நடைபெறும் இத்தகைய வழிகாட்டல் எவரெவருடைய துணையால் நிலைபெறுகிறது, அத்துணைகளுள் எது வலுவானது, எது தளர்ந்துள்ளது என்பதைப் பேராக் மாநிலச் சூழலில் வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டம் தந்த கட்டமைப்பு

பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டங்களில் நிருவாகமே பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. மலேசியாவில் மிக அதிகமான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலமாகப் பேராக் விளங்குவதற்கு அக்காலத் தோட்டங்களே முதற்காரணம். இன்றும் அங்கு 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பாகான் செராய் முதல் சுங்கை சிப்புட், சித்தியவான், தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் வழியாகத் தஞ்சோங் மாலிம் வரை, இரப்பர்த் தோட்டம் இருந்த இடமெல்லாம் ஒரு பள்ளியும் ஒரு கோயிலும் இருந்தன.

அப்பள்ளிகள் பிள்ளைகளை மேலே அனுப்புவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஆறாம் வகுப்போடு நிறுத்தி, பால்மரக் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் பள்ளிகளாகவே அவற்றுள் பல நெடுங்காலம் இயங்கின. ஆயினும் தோட்டத்தின் அமைப்பில் ஒரு நன்மையும் இருந்தது. லயன் வீடு, ஆயாக்கொட்டகை, பள்ளி, கோயில் ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தமையால், ஒரு பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் அன்று மாலைக்குள் தோட்டத்தில் பலருக்கும் தெரிந்துவிடும். கட்டுப்படுத்திய அதே வேலி கண்காணிப்பாகவும் இருந்தது.

அவ்வேலி சரிந்த வரலாறு நாம் அறிந்ததே. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளவே, சுங்கை சிப்புட் மண்ணைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். நம்மவர் ஈப்போவின் புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கும், சிறு பட்டணங்களின் ஓரங்களுக்கும் பெயர்ந்தனர். பல இடங்களில் பள்ளி பழைய நிலத்திலேயே நிற்க, பிள்ளைகள் வேறோர் ஊரில் வாழ்கின்றனர். அங்கே அண்டை வீட்டாருக்குக்கூட அப்பிள்ளை எந்தப் படிவத்தில் படிக்கிறான் என்பது தெரியாது.

மாணவர் ஆசிரியரானபோது

1982ஆம் ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் எம். தம்பிராஜா, அப்பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர் சிலருடன் இணைந்து ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். அதன் அடிப்படைத் திட்டம் எளியது. பல்கலைக்கழகத்தில் காலடி வைத்துவிட்ட மாணவர், வார இறுதிகளில் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வுப் பாடங்களைக் கற்பிப்பர்; அப்பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றபின் அதே பணியைத் தொடர்வர். இதற்கு முன்பே 1979ஆம் ஆண்டில் ஈ.டபிள்யூ.ஆர்.எப். என்னும் அறவாரியத்தைப் பட்டதாரிகள் நிறுவியிருந்தனர். எனினும் படித்துக்கொண்டிருக்கும் மாணவரையே ஆசிரியராக நிறுத்தியதில் ஸ்ரீ முருகன் நிலையத்தின் தனித்தன்மை புலப்படுகிறது.

பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் இதைவிடச் சிறப்பாகக் கற்பிக்கக்கூடும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் தோட்டப்புறத்துப் பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பாடம் மட்டும் குறைவாக இருக்கவில்லை. பல்கலைக்கழக மாணவர் ஒருவரை நேரில் கண்டு பேசிய பழக்கமே அவனுக்கு இல்லை. தன்னைப் போலவே லயன் வீட்டில் வளர்ந்து, நான்கைந்து வயது மட்டுமே மூத்த ஓர் அண்ணனோ அக்காவோ, தான் எந்தப் பாடத்தில் தடுமாறினார், விண்ணப்பத்தை எப்படி நிரப்பினார், கடனுதவி எங்கே பெற்றார் என்று சொல்லும்போது அது அவனுக்கு எட்டக்கூடியதாகத் தோன்றுகிறது. எந்தப் பாடநூலும் தர இயலாத அறிவு அது.

நிலையம் ஆண்டுதோறும் பத்துமலையில் நடத்தும் கல்வி யாத்திரையையும் இவ்வாறே விளங்கிக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு வேண்டுதலா என்று ஏளனமாகக் கேட்போர் உண்டு. பெற்றோரையும் பிள்ளையையும் ஒரே நோக்கத்திற்காக ஓரிடத்தில் நிறுத்துவதற்கு, இந்த மக்களிடம் ஏற்கனவே இருந்த வழக்கத்தை அமைப்பாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர் என்பதே என் கருத்து. கூட்ட அழைப்புக் கடிதத்திற்கு வராத தந்தை யாத்திரைக்கு வருவார்.

இம்முறையின் வலிமையே அதன் குறையும் ஆகும். மாணவர் ஆசிரியர் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவார். தேர்வுக் காலத்தில் அவருக்கே நேரம் இராது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருந்தான் என்னும் நினைவு அவரோடு போய்விடுகிறது. ஆகவே மாணவர்களால் தர இயலாத இடம், தொடர்ச்சி, நினைவு ஆகியவற்றை வேறு எவராவது தந்தாக வேண்டும். கூட்டாளிகளின் தேவை இங்கேதான் எழுகிறது.

துணை நிற்போர்

முதற்கூட்டாளி கோயில். மண்டபம், மின்சாரம், குடிநீர் ஆகியவற்றோடு, மகளை மாலை வகுப்புக்கு அனுப்பத் தயங்கும் தாய்க்கு நம்பிக்கையையும் கோயில் தருகிறது. இரண்டாவது தமிழ்ப்பள்ளி. வகுப்பறை கிடைப்பதோடு, குடும்பங்களின் நிலையைப் பல ஆண்டுகளாக அறிந்த தலைமையாசிரியரின் துணையும் கிடைக்கிறது.

மூன்றாவது கூட்டாளி பணம் தருவோர். 2014ஆம் ஆண்டில் பிரதமர் துறையின்கீழ் அமைக்கப்பட்ட செடிக் பிரிவும், 2018ஆம் ஆண்டில் அதன் இடத்திற்கு வந்த மித்ராவும் இந்தியர் சார்ந்த அமைப்புகளுக்கு மானியம் வழங்கின. மானியம் வேண்டாம் என்று எவரும் சொல்லப் போவதில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்படும் பணத்தைக் கொண்டு, ஒரு பிள்ளைக்கு ஐந்தாண்டு நீளும் பணியைத் திட்டமிடுவது கடினம். அரசியல் மாறும்போது நிதி வழங்கும் அமைப்பின் பெயரே மாறிவிடுகிறது.

ஏழை மக்கள் பெறுவோராக மட்டும் இருந்ததில்லை என்பதையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றிய காலத்தில், அதில் தமிழுக்கே முதன்மை வேண்டும் என்று தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாகப் போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தனர். தம் பிள்ளைகள் அங்குப் படிப்பார்கள் என்ற உறுதி ஏதும் இல்லாத நிலையில் அவர்கள் கொடுத்த பணம் அது. இத்துறையில் பயின்ற மாணவர் ஒரு தோட்டப்புறப் பிள்ளைக்கு வார இறுதியில் பாடம் சொல்லித் தருவதைத் தொண்டு என்பதைவிடக் கடன் தீர்ப்பு என்று சொல்வதே பொருத்தம்.

தமிழகத்தில் அகரம் அறக்கட்டளை 2010ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ‘விதை’ திட்டத்தை இங்கு ஒப்பிடலாம். அங்கேயும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளே இலக்கு. பயன்பெற்றோர் பின்னர்த் தன்னார்வலராகத் திரும்பி வருகின்றனர். ஆயின் அங்குக் கல்லூரிகளே கூட்டாளிகளாகி நேரடியாக இடம் தருகின்றன. மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களிலோ இடங்கள் யு.பி.யு. என்னும் மைய விண்ணப்ப முறையில் ஒதுக்கப்படுகின்றன. எந்தக் கூட்டாளியாலும் இங்கு இடம் தர இயலாது; ஆயத்தமும் தகவலும் மட்டுமே தர இயலும். ஆதலால் தகவல் எந்தக் கட்டத்தில் பிள்ளையைச் சென்றடைகிறது என்பது இந்நாட்டில் இன்னும் முதன்மையானதாகிறது.

இடைநிலைப்பள்ளி என்னும் இடைவெளி

கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வலுவான கூட்டாளிகள் என்றோம். ஆனால் பல்கலைக்கழகத்திற்கான பாதை தீர்மானிக்கப்படும் இடம் தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே நம் அமைப்புகளுக்குக் காலூன்ற இடம் மிகக் குறைவு. பன்னிரண்டு வயதில் பயிற்றுமொழி மலாயாக மாறுகிறது. அம்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகக் கழிக்கும் முறை தலைமுறைகளாக இருந்து வந்தது. நான்காம் படிவத்தில் எந்தப் பாடத்தொகுதியை எடுப்பது என்ற முடிவு, மாணவனும் பெற்றோரும் அதன் விளைவை உணரும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியோடு, 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மலாயில் சிறப்புத் தேர்ச்சி இல்லையேல், பிற பாடங்களில் எத்தனை ஏ பெற்றிருப்பினும் பட்டப்படிப்பின் வாயில் திறவாது.

தேர்வு முடிந்தபின் இன்னொரு சிக்கல் வருகிறது. மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பாலிடெக்னிக், டிப்ளோமா ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி, தனி விண்ணப்பம், தனிக் காலக்கெடு. 2003ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் பூமிபுத்திரர் அல்லாதார்க்குப் பத்து விழுக்காட்டு அளவில் திறக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு முதல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்றோர்க்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு. வரவேற்கத்தக்கதே. ஆனால் பத்துப் பாடம் எடுத்துப் பத்திலும் ஏ பெறும் மாணவன் எப்படியும் வழி கண்டுபிடிப்பான். நாம் கவலைப்பட வேண்டியது ஐந்தாறு பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்று, விண்ணப்பம் திறந்ததே தெரியாமல், தேர்வு முடிந்த மறுவாரம் தொழிற்சாலையிலோ பேரங்காடியிலோ வேலைக்குச் சேர்ந்துவிடும் பிள்ளையைப் பற்றியே. கையில் மாதச் சம்பளம் வரத் தொடங்கியபின் அவனைத் திருப்பி அழைப்பது எளிதன்று. வார இறுதி வகுப்பில் மூன்றாண்டுகள் செலுத்திய உழைப்பு இந்தச் சில வாரங்களில் கைநழுவிப் போகிறது.

இங்குத் தேவைப்படும் கூட்டாளியாக, பள்ளிக்குள் இருப்பவர் ஒருவர் வேண்டும். வழிகாட்டல் ஆசிரியர் இருக்கிறார். ஆனால் அவர் பொறுப்பில் உள்ள மாணவர் தொகை பெரிது, வீட்டுச் சூழலும் அவருக்குப் புலப்படாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். அவ்வாறு அமர்த்தப்படும் தமிழ்மொழி ஆசிரியரே, பல பள்ளிகளில், அப்பிள்ளைகளின் பெற்றோரோடு அவர்கள் மொழியில் பேசக்கூடிய ஒரே ஆசிரியர். மாணவர் அமைப்புகள் இதுவரை அவரைப் பேச்சுப்போட்டிக்கும் கலைவிழாவுக்கும் அழைத்த அளவு இப்பணிக்கு அழைத்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அவரிடம் வேண்டுவது பெரிதன்று. ஐந்தாம் படிவத் தமிழ் மாணவரின் பெயர்ப்பட்டியல் ஒன்று, விண்ணப்பக் காலங்களில் இரண்டு மாலைப்பொழுதுகள், முடிவு வெளிவந்தபின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. ஆண்டுதோறும் மாறும் மாணவர் ஆசிரியர்களின் இழந்த நினைவை அந்தப் பட்டியல் ஈடுசெய்யும்.

இதற்கான ஆள்வளம் பேராக்கிலேயே உள்ளது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும், உலு கிந்தாவில் ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகமும் இருக்கின்றன. கோப்பேங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரியும் கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகமும் ஈப்போவிலிருந்து வெகுதொலைவில் இல்லை. பயிற்சி ஆசிரியர் ஒருவர் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியருடன் சேர்ந்து ஓராண்டுப் பட்டியலைப் பேணுவதை அவரது களப்பணியாகவே ஏற்கலாம். கோப்பேங் மாணவர் இருவர் எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் வாரத்தில் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் கணினியோடு அமரலாம். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோர் இசைவுடன் உரிய இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியருக்கு ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் அனுப்பிவைத்தால், அப்பட்டியலின் முதற்பக்கம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.